மடியில் விட்ட இடம்

அவனும் அவளும் புதுவீட்டுக்கு வந்து ஐந்து மாதமாகியும் ஹாலில் சோபாவுக்கு மேலிருந்த சுவர் மொட்டையாகவே கிடந்தது. கடைகளில் தொங்கும் படங்களை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எங்கேயோ விழுகிற அருவி, யாரோ வளர்த்த குதிரை, நமக்கெதற்கு என்பாள். அவளுக்குத் தங்கள் குடும்பப் படம் வேண்டும். கையால் வரைந்ததாக இருக்க வேண்டும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது.

அப்படி ஓர் ஆளை அவளே தேடிப் பிடித்தாள். டயர் கடை மாடியில் ஒற்றை அறை. செல்போனில் அனுப்பும் போட்டோவைப் பார்த்துக் குடும்பப் படம் வரைகிற ஓவியர். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். நாய்க்கு இலவசம். அவர் பெயரை அவர்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. படியேறும்போதே அவள் அவருக்குத் தலைக்கணக்கு என்று பெயர் வைத்துவிட்டாள்.

"எத்தனை தலை சார்?" என்றார் ஓவியர்.

"ரெண்டு," என்றான் அவன்.

"ரெண்டரை," என்றாள் அவள், ஏழு மாத வயிற்றைத் தடவிக்கொண்டே.

ஓவியர் சிரிக்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "வயித்தோட வரையட்டுமா, வயிறு இல்லாமலா?"

"இல்லாம. குழந்தை என் மடியில இருக்கணும்."

"முகம் தெரியாம எப்படிம்மா வரையறது?"

"இடம் விட்டு வைங்க. பொறந்ததும் சொல்றோம், வந்து நிரப்பிக் குடுங்க. அதுக்கும் தனியா தலைக்கணக்கா?"

"அரைத்தலைதானே, சும்மாவே பண்ணித் தரேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இப்படி இடம் விட்டு யாருக்கும் குடுத்ததில்லம்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுத்தார்கள். அவளை அவன் எடுத்தான். அவனை அவள் எடுத்தாள். இரண்டையும் சேர்த்து வைப்பது ஓவியரின் வேலை. ஜன்னலோர நாற்காலியில், பச்சை உடையில், கைகளுக்குள் ஒரு தலையணையை ஏந்தி அவள் உட்கார்ந்தாள்.

"குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடி."

"குழந்தையா இருந்தா எப்படிப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியும். நீங்க சீக்கிரம் எடுங்க, கை மரத்துப்போகுது."

மூன்று வாரத்தில் படம் வந்தது. ஓவியரே செய்தித்தாளில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். நன்றாகத்தான் இருந்தது. அவன் பின்னால் நின்றான். அவள் உட்கார்ந்திருந்தாள். வளைந்த கைகளுக்கு நடுவே தலையணை இல்லை, குழந்தையும் இல்லை. அடிப்பூச்சின் பழுப்பு மட்டும்.

டைல்ஸ் தொழிற்சாலையில் அவனுக்குத் தரம் பார்க்கிற வேலை. நகர்ந்து வரும் டைல்களில் மயிரிழை விரிசல் இருந்தால் கண்டுபிடித்து சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவான். அவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று அங்கே பெயர். படத்திலும் குறையை அவன்தான் முதலில் பார்த்தான்.

"விரல் சரியில்ல."

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். "இது என் கையா, குத்துச்சண்டைக்காரன் கையா?"

"போட்டோவில இருக்கறதைத்தான் போட்டேன்மா." ஓவியர் செல்போனை எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். விரல்கள் உப்பியிருந்தன. மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. "நானும் ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் வரைஞ்சேன்."

"மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்," என்றான் அவன். "அது படத்துல எதுக்கு? மெலிசாக்கிடுங்க."

ஓவியர் அவள் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "சரி சார். உங்க வீட்டுப் படம்."

சின்னத் தூரிகையால் கால்மணி நேரத்தில் பத்து விரலையும் இளைக்க வைத்தார். மோதிரத்தையும் தளர்த்தினார். அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அடுத்த வாரம் அவளுடைய அம்மா பிரசவத்துக்குத் துணையாக வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே படத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்ன மாப்பிள்ளை, பொண்ண வெறுங்கையோட உக்கார வெச்சிருக்கீங்க?"

"குழந்தைக்கு இடம் விட்டிருக்கு அத்தை."

மத்தியானம் அத்தை பழைய போர்வை ஒன்றை எடுத்துப் படத்தின் மேல் போட்டாள். சாயங்காலம் மகள் அதை இழுத்துக் கீழே போட்டாள். மறுநாளும் அதே கதை. "ஏம்மா, சுவருக்குக் குளிருதா?" என்று கேட்டாள்.

சிரித்தாலும் அவனுக்கும் அந்த இடம் உறுத்த ஆரம்பித்தது. நாலு மணி வெயில் ஜன்னல் வழியே படத்தில் விழும்போது கைகளுக்கு நடுவே பழுப்பு கறுத்து, குழி மாதிரி தெரியும். தொழிற்சாலையிலிருந்து மூன்று வேளையும் போன் போட்டுக் கேட்பான்.

"அசையுதா?"

"உதைக்குது. உங்களை மாதிரியே அடங்காதது."

அவன் வீடு திரும்பினால் அத்தையும் அதையே கேட்டுக்கொண்டிருப்பாள். குழந்தை அசைந்தால் வீடே மூச்சு விட்டது. ஒருநாள் அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தாள்.

"ஏங்க, கண்ணு முன்னாடி என்னமோ பொறி பறக்குது."

"தூக்கம் பத்தலடி," என்றாள் அத்தை. "குழந்தை அசையுதா?"

"அசையுது."

"அப்ப சரி."

அன்றைக்கு அவள் மோதிரத்தைக் கழற்ற சோப்பு போட்டுப் பார்த்தாள். வரவில்லை. பெத்ததும் தானே கழலும் என்றான் அவன். அடுத்த பரிசோதனைக்கு ஒன்பது நாள் இருந்தது.

நான்காம் நாள் மத்தியானம், அவன் தொழிற்சாலையில் டைல்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது அத்தையின் போன் வந்தது. அவளுக்கு வலிப்பு வந்திருந்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்துவிட்டிருந்தார்கள். பெண். எடை குறைவு, ஆனால் வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அத்தை சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். எல்லாரும் தப்பித்தார்கள் என்று அவனும் நினைத்தான், சுமார் ஒரு மணி நேரம்.

பெற்றவள் கண் விழிக்கவே இல்லை. மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க முடிந்தது. இரண்டு துண்டையும் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள்.

"ரத்த அழுத்தம் ஏறித்தான் வலிப்பு. கை வீக்கம் எப்போலேர்ந்து?" என்று கேட்டார் டாக்டர்.

தேதியும் மணியும் நிமிஷமும் அவன் சட்டைப்பையில், செல்போனில் இருந்தன. போட்டோவைத் தொட்டாலே சொல்லும்.

"தெரியல," என்றான்.

மூன்று மாதம் படத்தின் மேல் போர்வை கிடந்தது. அதை இழுத்துப் போட ஆளில்லை. பிறகு அத்தையே ஓவியருக்குப் போன் செய்தாள்.

"அந்தக் கை இன்னும் காத்துக்கிட்டிருக்கு மாப்பிள்ளை. என்னால அதைத் தாண்டிப் போக வர முடியல."

ஓவியர் வந்தார். அத்தை போர்வையை எடுத்தாள். அவர் படத்தைக் கீழே இறக்கி நாற்காலிகளில் சாய்த்து வைத்தார். வெகுநேரம் பெட்டிக்குள் எதையோ தேடினார்.

"அம்மா குழந்தையைத் தூக்கின மாதிரி போட்டோ ஏதாவது..."

"இல்ல," என்றான். "தூக்கல."

ஓவியர் தலையை ஆட்டினார். "அப்ப நீங்க உக்காருங்க சார். அதே எடத்துல."

அவன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான். அத்தை குழந்தையை அவன் கையில் வைத்தாள்.

"தோளை எறக்குங்க. இடது கை இன்னும் உள்ள. அவங்க இப்படித்தான் பிடிச்சிருந்தாங்க."

அவன் அவள் மாதிரி உட்கார்ந்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கை மரத்துப்போயிற்று. வெயில் நகர நகரப் பழுப்பு குறைந்து, ஒரு சின்ன நெற்றி வந்தது, மூடிய கண் வந்தது. குழி நிரம்பிவிட்டது. குழந்தைக்கு அடியில் அந்த மெலிந்த விரல்கள் மட்டும் யாருடையவோ போல இருந்தன.

"முடிஞ்சுது சார்."

"விரலை முதல்ல இருந்த மாதிரியே போட்டுடுங்க."

ஓவியர் தூரிகையைத் துடைப்பதை நிறுத்தினார். "அந்த போட்டோவை நான் அழிச்சிட்டேன் சார். உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு."

அத்தை குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவன் செல்போனைத் திறந்து, படத்தைப் பெரிதாக்கி, ஓவியரின் முன்னால் பிடித்தான். அவர் வண்ணத்தைக் கலந்துகொண்டே கேட்டார்.

"மோதிரம்?"

"புதைஞ்சே இருக்கட்டும்."