கிஸ்ஸாவுக்கு முன்னால் இரண்டு பேர்

2011 ஆகஸ்ட் 16, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. கிஸ்ஸாவுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்ற வேண்டிய இடத்தில் மூன்று கிண்ணம் ஊற்றி வைத்துவிட்டேன்.

இரவு நாட்குறிப்பில் இதை எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று பணிப்பெண் நபுகாலு கொஞ்ச நேரம் யோசித்தாள். நினைத்ததை எழுதாதே, பார்த்ததை எழுது என்று குழந்தைப் பராமரிப்பு மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பார்த்தது மூன்று கிண்ணம். ஏன் மூன்று என்பது நினைத்ததில் சேருமா, பார்த்ததில் சேருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அடிக்காமல் விட்டாள்.

காலையில் அந்தக் கிண்ணங்களை முதலில் கண்டவர் அகெல்லோ அம்மா. குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பாளர், வடக்கே பிறந்தவர்.

"என்னடி இது, கிஸ்ஸாவைப் பாக்க விருந்தாளி வந்திருக்காங்களா?"

"கை தவறிடுச்சும்மா."

"கை தவறினா கஞ்சி தரையில கொட்டும். கணக்கா மூணு கிண்ணத்துல போய் விழுமா? படிப்பு ஏற ஏற உனக்குக் கணக்கு இறங்குது."

சமையல்கட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நபுகாலுவும் சிரித்தாள். ஆனால் மீந்த இரண்டையும் பானையில் திருப்பிக் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. ஆறி ஏடு படியும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

இல்லம் இருக்கும் முகோனோ பக்கத்தில் கிஸ்ஸா என்ற பேரை யாரும் அழகுக்காக வைப்பதில்லை. இரட்டைப் பிள்ளைகளுக்கு அடுத்துப் பிறந்தவனுக்குத்தான் அந்தப் பேர். அவனைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு முன்னால் வந்த இருவரும் சேர்ந்து கூப்பிடப்படுகிறார்கள். அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்பதுதான் தெரியாது. இரட்டையர் இறந்தால் இறந்தார்கள் என்று வாயால் சொல்வதும் கிடையாது. பறந்துவிட்டார்கள் என்பார்கள். பறந்தது திரும்பி வந்து பக்கத்தில் உட்காராது என்று யார் சொல்ல முடியும்?

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால், கட்டோசி மீன்கரையை ஒட்டிய மருந்தகத்தில் ஒரு பெண், வரிசையில் நின்ற இன்னொருத்தியிடம் ஒரு பிள்ளையை நீட்டினாள். "கிஸ்ஸாவைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ, இதோ வந்துடுறேன்" என்றாள். வரவே இல்லை. வானொலியில் அறிவித்தார்கள். யாரும் தேடி வராததால், உறவு என்று எவரும் இல்லை என முடிவாயிற்று. அப்போது அவனுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது.

இல்லத்துக்கு வந்த நாளிலிருந்தே அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் முதலில் தன் வாயில் வைக்கமாட்டான். இடது பக்கம் நீட்டுவான், காத்திருப்பான். வலது பக்கம் நீட்டுவான், காத்திருப்பான். பிறகுதான் தின்பான். அவன் கண் போகிற இடத்தை நபுகாலு கவனித்திருக்கிறாள். சும்மா வெறித்த பார்வை அல்ல அது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், அவன் தலைக்குச் சற்று மேலே போய் நிற்கும், அங்கே ஒரு முகம் இருப்பதுபோல.

அதிலிருந்து அவளுக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அவனைப் பாயில் உட்கார வைத்தால் இரு பக்கமும் கொஞ்சம் இடம் விடுவாள். அறைக்கதவைச் சாத்துமுன் ஒரு கணம் பிடித்துக்கொண்டு நிற்பாள், இன்னும் இருவர் உள்ளே வர வேண்டியிருப்பதுபோல. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகே சாத்துவாள்.

அவனைத் தத்தெடுக்க அமெரிக்காவிலிருந்து கிரெட்டாவும் அவள் கணவன் ஸ்டீவும், ஒன்பது வயது மகள் நோராவும் வந்து இரண்டு வாரம் ஆகிறது. வியாழக்கிழமை நீதிமன்றம். உத்தரவு கிடைத்துவிட்டால் கிஸ்ஸா அவர்களோடு விமானம் ஏறிவிடுவான். நல்ல மனிதர்கள். துணியால் பிள்ளையை முதுகில் கட்டப் பழகுகிறேன் என்று கிரெட்டா நாளெல்லாம் வளைந்து நின்று, பணிப்பெண்களின் கேலியைத் தானும் சேர்ந்து சிரித்துத் தாங்கினாள். ஸ்டீவ் சொல்லாமலேயே ஒழுகுகிற குழாய்களைச் சரிசெய்தான்.

இன்று மதியம் பலாமரத்தடியில் கிஸ்ஸாவுக்கு வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அவன் ஒரு துண்டைப் பிய்த்து வழக்கம்போல இடது பக்கம் நீட்டினான். அங்கே நோரா உட்கார்ந்திருந்தாள். குனிந்து, அவன் விரலோடு சேர்த்து லபக்கென்று கவ்வினாள்.

கிஸ்ஸா வீறிட்டுச் சிரித்தான். எட்டு மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை நபுகாலு கேட்டதில்லை. அவசரமாக இன்னொரு துண்டைப் பிய்த்து வலது பக்கம் நீட்டினான். அங்கே யாரும் இல்லை. கை நீண்டபடியே இருக்க, முகம் கோணி அழத் தொடங்கினான்.

"ஆன்டி, அந்தப் பக்கமும் ஒரு ஆள் வேணுமாம். சீக்கிரம் வந்து உக்காருங்க" என்றாள் நோரா.

நபுகாலு உட்கார்ந்து அவன் கையிலிருந்து வாயால் வாங்கினாள். அவன் மறுபடி சிரித்தான், மறுபடி பிய்த்தான். கிழங்கை மென்றுகொண்டே யோசித்தாள். இத்தனை நாள் அவள் இடம் விட்டு வைத்தது யாருக்கு? பறந்துபோனவர்கள் அவன் கையிலிருந்து பிடுங்கித் தின்றிருக்கமாட்டார்கள். இவனுக்கு இந்த விளையாட்டை யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பல்லும் பசியும் உள்ள இரண்டு பேர்.

நேராக அகெல்லோ அம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"இதுல புதுசா சொல்ல என்ன இருக்கு? அவன் பேரை நாள் முழுக்கக் கூப்பிடுறோம். இந்த ஊர்ல காது இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நீதிபதிக்கும் தெரியும்."

"தெரியாதது தத்தெடுக்க வந்த அந்த மூணு பேருக்கு மட்டும்தான்மா."

"என் பேரும் அதே அர்த்தம்தான், எங்க பக்கத்துல. எனக்கு முன்னால வந்த ரெண்டு பேரை நான் பாத்ததே இல்ல. எங்கம்மா என்னைக் கூப்பிடுறப்பல்லாம் எனக்குப் பின்னால யாரையோ பாத்துக்கிட்டுத்தான் கூப்பிடுவாங்க. இவனுக்கும் அப்படித்தான் இருக்கும், விடு."

"நீங்க உங்க கிழங்கை யாருக்காவது நீட்டினீங்களாம்மா?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "இவன் அம்மாவைக் கண்டுபிடிச்சேன்னே வச்சுக்கோ. ஒண்ணுக்குச் சோறில்லாமத்தானே விட்டுட்டுப் போனா. மூணுக்கும் நீ போடுவியா?" என்றார்.

"தெரியலம்மா."

"சொல்லுன்னு நான் சொல்லல. சொல்லாதேன்னும் சொல்லல. மேல இருக்கிறவங்க வேலையைப் பிடுங்கிட்டாங்கன்னு என்கிட்ட வந்து நிக்காதே."

கிரெட்டா தாழ்வாரத்தில் கிஸ்ஸாவை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டீவும் நோராவும் இருந்தார்கள். நபுகாலு நின்றபடியே சொன்னாள். பேரின் பொருளைச் சொன்னாள், நீட்டும் பழக்கத்தைச் சொன்னாள். நினைத்தது எது, பார்த்தது எது என்று நடுவில் இரண்டு முறை தடுமாறித் திருத்திக்கொண்டாள்.

ஸ்டீவ் எழுந்துவிட்டான். "இதை இத்தனை நாளா எல்லாருமா மூடி வச்சிருந்தீங்களா?"

"மூடி வைக்கலங்க. உங்க முன்னாலதான் கூப்பிட்டோம். ஆனா அர்த்தம் சொல்லல. அது தப்புதான்."

"வெறும் பேருதானே? தாத்தா பேரா இருக்கலாம்ல?"

"இருக்கலாம்ங்க. நான் நினைக்கிறது தப்பாவும் இருக்கலாம்."

கிரெட்டா நகவெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். "அந்த ரெண்டு பேருக்கும் பேரு தெரியுமா?" என்றாள்.

"அது எப்பவும் ஒண்ணுதான்ங்க. பையனுங்கன்னா வாஸ்வா, காட்டோ. பொண்ணுங்கன்னா பபிரியே, நகாட்டோ. யாரும் மாத்தி வைக்கமாட்டாங்க."

பார்க்காத பிள்ளைகளுக்குப் பேர் வந்ததும் தாழ்வாரம் திடீரென்று நெருக்கமானதுபோல் ஆயிற்று. யாரும் அடுத்த வார்த்தை பேசுமுன் நோரா கிஸ்ஸாவின் முன்னால் மண்டியிட்டாள். "வாஸ்வா! காட்டோ!" என்றாள். அவன் அவள் மூக்கைப் பிடிக்கப் போனான்.

"நோரா, வேண்டாம்" என்றான் ஸ்டீவ்.

"பபிரியே! நகாட்டோ!"

கிஸ்ஸாவின் கை பாதியில் நின்றது. அவன் கிரெட்டாவின் மடியிலிருந்து வழுக்கி இறங்கினான். நோராவைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. வாசல் கதவைப் பார்த்தான். பிறகு படிவரை நடந்துபோய், ஒரு கையை இந்தப் பக்கமும் ஒரு கையை அந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றான், இருவர் வந்து பிடித்துக்கொள்வதற்காக.

நபுகாலு அவன் பார்த்த இடத்தைப் பார்த்தாள். வாசலில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை.

கிரெட்டா போய் அவனைத் தூக்கவில்லை. அவன் கை ஓய்ந்து தொங்கும்வரை உட்கார்ந்தே பார்த்தாள். அதன்பிறகு கணவனிடம், "வக்கீலைக் கூப்பிடு. வியாழக்கிழமை வேண்டாம்னு சொல்லு" என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினான்.

"அவங்கம்மாவைக் கண்டுபிடிக்க முடியுமா, நபுகாலு?"

"இரட்டை பெத்தவளை ஊர்ல பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாங்க, நாலோங்கோன்னுதான் கூப்பிடுவாங்க. பொண்ணு இரட்டை பெத்த நாலோங்கோன்னு மீன்கரையில கேட்டா ரெண்டு மூணு பேர் திரும்பிப் பாப்பாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"கண்டுபிடிச்சா அவன் எங்களுக்கு இல்லை, அப்படித்தானே?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் நபுகாலு நினைத்தாள். ஆனால், "இருக்கலாம்ங்க" என்றாள். கிரெட்டா தலையாட்டிவிட்டு, வெட்டாமல் மிச்சமிருந்த நகங்களை வெட்ட அவனைக் கூப்பிட வாயெடுத்தாள். அந்தப் பேரில் ஒரு கணம் தயங்கிய பிறகே கூப்பிட்டாள்.

நாட்குறிப்பின் கடைசியில் நபுகாலு எழுதினாள். நாளை, புதன்: காலைக் கஞ்சி முடிந்ததும் கட்டோசி வேனில் போக வேண்டும். கிரெட்டா கூட வருகிறாள். கிஸ்ஸாவை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். முதலில் மருந்தகம், அடுத்து மீன்கரை.