பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஞானஸ்நானம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வின்ஃப்ரீட் ரூப்சாம் என்ற முன்னாள் ராணுவச் சார்ஜண்ட், சாவதற்கு ஏழு மாதம் முன்பு, தன் வீட்டுச் சமையலறையில் உருளைக்கிழங்குத் தோல் சீவியபடி எனக்குச் சொன்னது. சொல்லி முடித்ததும் ஒரு நிபந்தனை போட்டார்.

"எழுதிறதெண்டா எழுதும் தம்பி. ஆனா உம்மட பாஷையில எழுதும். இஞ்ச ஒருத்தரும் அதை வாசிக்கப்போறதில்லை."

ஆக, வாசகரே, ஒரு ஜெர்மன்காரர் தன் வாழ்நாள் ரகசியத்தை உங்களை நம்பித்தான் கொடுத்திருக்கிறார். நீங்கள் இருப்பதே அவருக்குத் தெரியாது.

(அவர் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டிருக்க முடியாது. பதினொரு வருடம் 'திரு' போட்டுப் பேசிவிட்டு, ஒரு நாள் பியர் குவளையை என் குவளையோடு மோதி, இனி உரிமையோடு பேசலாம் என்றார். அந்த ஜெர்மன் குரல் எனக்குள் யாழ்ப்பாணத்துக் குரலாகத்தான் கேட்கிறது. எனக்கு வேறு காது இல்லை.)

2

தொடக்கத்தைப் பல தடவை எழுதினேன்.

"1983 நவம்பரில் உலகம் அழிந்திருக்கக்கூடும்." இது பத்திரிகைக்காரன் வாக்கியம். உலகம் அழியப்போகிறது என்று எவனும் நடுங்குவதில்லை. அவனவனுக்கு அவனவன் வீட்டைப் பற்றித்தான் பயம். அடித்துவிட்டேன்.

"அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: சண்டை வந்தால் அது எங்கள் பள்ளத்தாக்கில் தொடங்கும்." இது பரவாயில்லை. ஆனால் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் தூக்கல்.

"உல்மன்பாக் பாலத்தின் தார்ச்சாலையில் வட்டமான இரும்பு மூடிகள் மூன்று வரிசையாக இருந்தன. அவற்றின் கீழே சாக்கடை ஓடவில்லை." இதை வைத்துக்கொள்கிறேன்.

மூடிகளின் கீழே இருந்தவை குழிகள். பாலத்தின் கிழக்குத் தூணுக்குள் நேராக இறங்கும் ஆழக் குழிகள். இரண்டு ஜெர்மனிகளையும் பிரித்த எல்லைக் கம்பிவேலி அங்கிருந்து கிழக்கே பதினான்கு கிலோமீட்டர். வேலிக்கு அப்பால் ரஷ்ய டாங்கிகள், இப்பால் அமெரிக்க டாங்கிகள். அவர்கள் வந்தால் இவர்கள் பாலங்களை உடைக்க வேண்டும். அதற்கான வெடிமருந்து வட்டக் கட்டிகளாக இருக்கும். பட்டாளத்தில் அதைச் 'சீஸ்' என்று சொல்வார்கள். சீஸை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழிக்குள் இறக்கி, மூடியை மூடி, மேற்குக் கரையில் நின்று சாவியைத் திருப்ப வேண்டும். சாவி வின்ஃப்ரீட்டிடம்.

பாலத்தின் ஓரத்தில், எத்தனை டன் டாங்கியைத் தாங்கும் என்று எழுதிய மஞ்சள் பலகை இருந்தது. அதனால் பாலம் தாங்குமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை என்று ஊர் நினைத்தது. மாதாமாதம் மூடிகளைத் திறந்து, தண்ணீரை இறைத்து, விளிம்புக்குக் கிரீஸ் தடவுவார். போகிற வருகிறவர்கள் கை அசைப்பார்கள். அவரும் அசைப்பார்.

(நான் இங்கே வந்தது 1985இல். ஒரு யுத்தத்துக்குத் தப்பி, கிழக்கு பெர்லின் வழியாக வந்தவனைப் பிடித்து இந்த ஊர் விடுதியில் கோப்பை கழுவ வைத்தார்கள். மாடுகள் மேய்வதைப் பார்த்து, அப்பாடா, அமைதியான இடம் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். விமானங்கள் தாழப் பறக்கும்போது தட்டுகள் ஏன் இப்படி ஆடுகின்றன என்று நான் கேட்கவில்லை. ஊரைவிட்டு வரும்போது ஆனையிறவுக்கு அந்தப் பக்கம் நான் விட்டுவந்த— இல்லை, இது வேறு கதை.)

3

வின்ஃப்ரீட்டுக்கு ஒரே மகள், குட்ரூன். அவள் ஹார்ட்முட் என்ற தச்சனை விரும்பினாள். ஹார்ட்முட் ஹெர்ஸ்ரோட்காரன். ஹெர்ஸ்ரோட் பாலத்துக்குக் கிழக்கே மூன்று கிலோமீட்டர்.

பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளைக்கு என்ன வேலை, என்ன குடும்பம் என்று பார்ப்போம். இவர் எந்தக் கரை என்று பார்த்தார். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது, சொன்னால் சிறை. அதனால் சும்மா முகத்தைத் தூக்கிக்கொண்டு, "இந்தக் கலியாணம் சரிவராது" என்று மட்டும் சொன்னார். ஹார்ட்முட் லூத்தரன் சபை, இவர்கள் கத்தோலிக்கர். அதுதான் காரணம் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். இவர் மறுக்கவில்லை. மகள் அவனையே கட்டிக்கொண்டு ஹெர்ஸ்ரோட்டுக்குப் போனாள்; இரண்டு வருடம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது; உங்களுக்கும் வந்திருக்கும். யுத்தம் தொடங்கினால் பின்னாலேயே அணுகுண்டு வரும். அப்புறம் கிழக்குக் கரை என்ன, மேற்குக் கரை என்ன? அவரிடமே கேட்டேன்.

"ஒரு நாள் கூடக் கிடைக்கும்," என்றார். "மிஞ்சினா ரெண்டு நாள். எண்டாலும் இந்தப் பக்கம், தம்பி. இந்தப் பக்கம்."

அவர் அடுத்த கிழங்கை எடுத்தார்.

4

1983 நவம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. குட்ரூனின் குழந்தை தீலோவுக்கு ஞானஸ்நானம். ஹெர்ஸ்ரோட் தேவாலயத்தில், அதாவது கிழக்கே. காலை ஒன்பது மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஒரே ஒரு சொல். அந்தச் சொல் வந்தால் வின்ஃப்ரீட் பாலத்துக்குப் போய் மூடிகளைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். இரண்டாவது சொல் வந்தால் சீஸை இறக்க வேண்டும். மூன்றாவது சொல்லுக்குச் சாவி.

அவருடைய மனைவி ரோஸ்வித்தா ஆப்பிள் கேக்குகளைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்.

"பாலத்தில ஒரு வேலை. நீ போ. நான் பின்னால வாறன்."

"இண்டைக்குமோ? பேரன்ர ஞானஸ்நானமப்பா! உங்களுக்குப் பாலம் பெண்டாட்டியோ, நான் பெண்டாட்டியோ?"

"ரோஸ்வித்தா..."

"மாப்பிள்ளையின்ர கோயிலுக்குள்ள கால் வைக்க ஏலாதெண்டு நேராச் சொல்லுங்கோவன்."

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வின்ஃப்ரீட் பாலத்தை அடைந்தபோது அவருடைய மனைவி, மகள், பேரன், மருமகன் நாலு பேரும் அந்தப் பக்கம்.

(மனைவியை நிறுத்தியிருக்கலாமே என்று முதல் பிரதியில் எழுதி அவரைத் திட்டியிருந்தேன். பிறகு அடித்தேன். அப்போது அது பயிற்சி என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். வருடத்துக்கு நாலு தடவை அந்தத் தொலைபேசி வரும்.)

கிடங்கிலிருந்து இரண்டு சிப்பாய்கள் லாரியோடு வந்தார்கள். பெட்டிகள் முத்திரை போட்டிருந்தன. பயிற்சிக்கு மரத்தால் செய்த சீஸ்தான் வரும். பெட்டி மட்டும் ஒரே மாதிரி. இரண்டாவது சொல் வரும்வரை யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது. வின்ஃப்ரீட் திறக்கவில்லை. தார்ப்பாயைச் சரிசெய்வதுபோல ஒரு பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"மரம் இல்லை, தம்பி."

அவர் அதைச் சொன்னபோது தோல் சீவும் கத்தி நின்றுவிட்டது. நானும் இந்த இடத்தில் இரண்டு நாள் நின்றேன். அடுத்த வாக்கியத்தை எழுதப் பயமாக இருந்தது.

5

பகல் ஒரு மணிக்கு ஹார்ட்முட் காரில் வந்தான். விருந்துக்குப் போட்ட கோட்டோடு பாலத்தின் கிழக்கு முனையில் இறங்கி நடந்து வந்தான்.

"மாமா, உங்களுக்கென்ன விசரோ? அங்க எல்லாரும் சாப்பிடாமல் பாத்துக்கொண்டு இருக்கினம். நீங்கள் இஞ்ச ஓட்டையைத் திறந்து வச்சுக்கொண்டு நிக்கிறியள்!"

"வேலை முடியேல்ல."

"ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? குட்ரூன் அழுறாள். அப்பாவுக்கு என்ர பிள்ளையையும் பிடிக்கேல்லையோ எண்டு கேக்கிறாள்."

எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இப்போதே இந்தப் பக்கம் வா என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பான். காரணம் தெரிந்தால் ஹெர்ஸ்ரோட் முழுக்கப் பாலத்துக்கு ஓடி வரும். சிப்பாய்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வின்ஃப்ரீட் வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழகாதவர். வாயில் வந்ததைச் சொன்னார்.

"வீட்டில அடுப்பை நிப்பாட்ட மறந்திட்டன். ரோஸ்வித்தாவை உடனே வரச்சொல்லு. குட்ரூனும் பிள்ளையும் கூட வரட்டும். கோப்பியை எங்கட வீட்டில குடிக்கலாம்."

"அடுப்புக்கு எதுக்கு மூண்டு பேர்? திறப்பைத் தாங்கோ. நானே போய்ப் பாக்கிறன்."

"நீ வேண்டாம்!"

"ஏன், என்ர கை பட்டா உங்கட அடுப்புத் தீட்டுப்பட்டிடுமோ?"

சாவிக்கொத்தைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு, காரை எடுத்து, திறந்த மூடிகளுக்கு ஓரமாக ஓட்டிக்கொண்டு மேற்கே போய்விட்டான். (பறித்தது வீட்டுச் சாவி. மற்றச் சாவி கழுத்தில் தொங்கியது.) வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது. கோபத்தில் அவன் திரும்பிப் போகவில்லை. மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்து, மாமனாரின் பியரைக் குடித்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். குடும்பத்தில் ஒரே ஒருவன் மேற்குக் கரையில் பத்திரமாக இருக்கிறான். வேண்டாம் வேண்டாம் என்று அவர் தலையால் அடித்துக்கொண்ட அந்த மருமகன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்கலாம்," என்றார் வின்ஃப்ரீட். "நானும் அண்டைக்குச் சிரிச்சனான். பொடியன்மார் பயந்துபோச்சினம்."

6

அதற்குப் பிறகும் மூன்று மணி நேரம் அவர் நின்றார். லாரியில் இருந்த வயர்லெஸ்ஸின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றார். பாலத்தில் நாலைந்து கார்கள் போயின, கை அசைத்தார்கள். மாடுகள் கிழக்கே பார்த்தபடி நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தும் அந்தப் பெட்டியின் பாரம் கையைவிட்டுப் போகவேயில்லை என்றார்.

நாலு மணி பத்து நிமிடத்துக்குச் செய்தி வந்தது: மூடிகளை மூடவும்.

லாரி போய்விட்டது. அன்றைக்கு ஏன் மரம் வரவில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மாறி ஏற்றினார்களா, அல்லது மேலே யாரோ உண்மையாகவே தீர்மானித்துவிட்டுப் பிறகு மனம் மாறினார்களா? கடைசிவரை தெரியாது. தெரியாததுதான் தன்னைத் தின்றது என்றார்.

பாலத்தைக் கடந்து நடந்தே ஹெர்ஸ்ரோட்டுக்குப் போனார். குட்ரூன் குழந்தையை நீட்டவில்லை.

"கிரீஸ் கை. கழுவீட்டு வாங்கோ அப்பா," என்றாள்.

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். வின்ஃப்ரீட்டும் போய்விட்டார், ரோஸ்வித்தாவும் போய்விட்டார், குழிகளுக்குள் கொங்கிறீட் ஊற்றிவிட்டார்கள். ஆனால் போன மாதம் உள்ளூர்ப் பத்திரிகை அந்தக் குழிகளின் பழைய படத்தை, அவை எதற்கு என்ற விளக்கத்தோடு போட்டது. குட்ரூன் பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு அறுபத்து மூன்று வயது.

"பரா, அப்பா கடைசியில உன்னோடதான் இருந்தவர். உண்மையைச் சொல்லு. அடுப்புப் பொய் ஏன் சொன்னவர் எண்டு இப்ப எனக்கு விளங்குது."

"விளங்கினாச் சரிதானே."

"சரியில்லை. எங்களை அந்தப் பக்கம் வச்சுக்கொண்டு, உத்தரவு வந்திருந்தா, அப்பா பாலத்தை உடைச்சிருப்பாரோ?"

நான் மேசையைப் பார்த்தேன். இந்தக் கதையின் ஆறு பக்கங்கள் அங்கேதான் கிடந்தன. அவளும் பார்த்தாள். கைபேசியை எடுத்துப் பக்கத்தின்மேல் பிடித்தாள். திரையில் என் தமிழ் ஜெர்மனாக மாறி நடுங்கியது. பாதி தப்பு. ஆனால் 'பாலம்' சரியாக வந்திருந்தது. நான் பக்கங்களை அள்ளி எடுத்துக்கொண்டேன்.

வாசகரே, அவர் உங்களை நம்பி ஒளித்துவைத்தது இனி ஒளிந்திருக்காது. இது அச்சில் வந்தால் அவள் வாங்குவாள்.

பக்கங்களை அள்ளியதற்குக் காரணம் உண்டு: அவள் கேட்ட அதே கேள்வியை நானும் அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொன்னார். ஒரே வாக்கியம்.

8

ஆகவே மூன்று முடிவுகளை எழுதுகிறேன்.

அ. மூன்றாவது சொல் வருகிறது. சாவி திரும்புகிறது. இத்தனை வருடம் பழக்கிய கை, தலையைக் கேட்காமல் தன் வேலையைச் செய்துவிடுகிறது. தூசி அடங்கியதும் அவர் ஹெர்ஸ்ரோட் இருக்கும் திசையைப் பார்க்கவில்லை.

ஆ. சாவியைக் கழற்றி ஆற்றில் எறிகிறார். சிப்பாய்கள் கத்துகிறார்கள். அவர் கிழக்கே நடக்கிறார், விருந்துக்கு. குழந்தையைக் கையில் வாங்குகிறார். பொழுது சாய டாங்கிகள் உடையாத பாலத்தின் மேலே வரிசையாக மேற்கே போகின்றன, மற்றவர்களின் மகள்கள் இருக்கும் ஊர்களுக்கு.

இ. சிப்பாய் ஒருவனை ஹெர்ஸ்ரோட்டுக்கு அனுப்பிவிட்டுச் சாவியைப் பிடித்தபடி காத்திருக்கிறார். ஐந்து நிமிடம். பன்னிரண்டு நிமிடம். மனைவியின் கார் தெரிகிறதா, டாங்கி தெரிகிறதா என்று— [இதை என்னால் முடிக்க முடியவில்லை. மூன்று பிரதியிலும் இதே இடத்தில் நிற்கிறது.]

இந்த மூன்றில் ஒன்று அவர் என்னிடம் சொன்னது. மற்ற இரண்டும் நான் கட்டியவை. மூன்றையும் ஒரே அளவு அக்கறையோடு எழுதியிருக்கிறேன்.

9

குட்ரூன், கைபேசியை இந்தப் பக்கத்தின்மேல் பிடித்திருக்கிறாய் என்று தெரியும். அது எல்லாவற்றையும் மாற்றித் தரும், எது உண்மை என்று மட்டும் அதற்குத் தெரியாது. எழுதமாட்டேன் என்று உன் அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. உனக்குச் சொல்லமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் இதைக் காகிதத்தில் வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், நான் அந்தப் பக்கம் விட்டுவந்த மகள். அவள் ஒரு நாள் இதே கேள்வியை என்னிடம் கேட்டுவிடுவாளோ என்று நாற்பது வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறேன்.

நீ வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காமல் விட்டால் மூன்று அப்பாக்களும் உனக்கு மிஞ்சுவார்கள். கேட்டால் ஒருவர்தான்.

வருவதானால் ஹார்ட்முட்டைக் கூட்டிக்கொண்டு வராதே. அன்றைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனுக்கு முன்னால் என்னால் அதைச் சொல்ல முடியாது.