செத்த காட்டில் பச்சைக் கிளை

பட்டை வண்டுகள் தின்று முடித்த பிறகு எங்கள் ஹார்ட்ஸ் மலையின் மேற்குச் சரிவில் பச்சை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் சாம்பல் நிறத்தில் நின்றபடியே செத்திருக்கின்றன. காற்றடித்தால் காடு முழுக்க எலும்புகள் உரசுவது போல ஒரு சத்தம். அந்தச் சரிவுக்குத்தான் நவம்பர் பிற்பகல் ஒன்றில் எக்கார்ட் என்னைக் கூப்பிட்டான்.

அவன் விரும்பிக் கூப்பிடவில்லை. குண்டு பட்டாலும் படாவிட்டாலும், சுட்ட இடத்தை நாயைக் கொண்டு சோதிக்காமல் யாரும் வீடு திரும்பக் கூடாது என்பது எங்கள் வேட்டையர் சங்கத்தின் விதி. காயம்பட்ட விலங்கைத் தேடிப் போவது என் பொறுப்பு. மோப்பம் பிடிப்பது என் பெண் நாய் பிர்க்காவின் வேலை. அந்த விதி வந்ததே எக்கார்ட்டால்தான். மூன்று வருடங்களுக்கு முன் இதே சரிவில் ஒரு மானைச் சுட்டுவிட்டு, படவில்லை என்று சொல்லி அவன் வீட்டுக்குப் போய்விட்டான். அதை நம்பாத அவன் அண்ணன் ரூடிகர் மட்டும் தேடக் கிளம்பினார். மானும் கிடைக்கவில்லை, அவரும் திரும்பவில்லை.

இப்போதும் எக்கார்ட் அதையே சொன்னான். ஆண் மான், நல்ல தூரம், படவில்லை. பிர்க்கா பத்தடி தள்ளிப் புல்லில் மூக்கை வைத்து நின்றாள். கறுத்த ரத்தம். ஈரலில் பட்டிருக்கிறது. அப்படிப் பட்ட மான் உடனே சாகாது.

"இருட்டப் போகுது கெசா. நாளைக்குக் காலைல பாத்துக்கலாம்."

"ராத்திரி பூரா அது வலியில கெடக்கணுமா?"

அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்தான்.

ஓடைக்கு அப்பால் ரத்தம் நின்றுபோனது. பிர்க்கா சுற்றிச் சுற்றி வந்தாள். அங்கே தரையில் நுனி சீவிய ஒரு கிளை கிடந்தது. பின்னால் வருபவருக்காக வேட்டைக்காரர்கள் அப்படி வைப்பதுண்டு. ஆண் மான் என்றால், சீவிய நுனி அது போன திசையைக் காட்டும். எக்கார்ட்டிடம் நீ வைத்ததா என்று கேட்டேன். ஓடையைத் தாண்டவே இல்லை என்றான்.

எடுத்துப் பார்த்தேன். பச்சைக் கிளை. பிசின் விரலில் ஒட்டியது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு பச்சை ஊசியிலை கிடையாது.

எக்கார்ட் அதை வாங்கி, சீவிய நுனியைக் கட்டைவிரலால் தடவினான். வெட்டின் சாய்வு எதிர்ப்பக்கமாக இருந்தது.

"இடதுகைக்காரன் சீவினது" என்றான். எங்கள் சங்கத்தில் இடதுகைக்காரர் ஒருவர்தான் இருந்தார்.

"திரும்பிப் போயிடலாம். கையெடுத்துக் கும்பிடறேன்."

"மான் முன்னாடி இருக்கு, எக்கார்ட். நீ வேணா போ."

அவன் போகவில்லை. அதற்குப் பிறகு பிர்க்கா தடுமாறிய இடத்திலெல்லாம் ஒரு கிளை கிடந்தது. அவள் ஒருமுறைகூட உறுமவில்லை. தெரிந்தவர் யாரோ முன்னால் நடப்பது போல வாலை ஆட்டிக்கொண்டே இழுத்தாள். கிளைகளை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டே போனேன். மரங்களின் உரசல் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

மேட்டில் மான் கிடந்தது. செத்திருந்தது, உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அதன் வாயில் ஒரு பச்சைக் கிளை. கொன்ற மானுக்குக் கடைசிக் கவளம் வைப்பது எங்கள் வழக்கம். அதை வைப்பது மனிதக் கைதான்.

மானுக்கு அப்பால், செத்த மரமொன்றில் நெஞ்சுயரத்தில், இன்னொரு கிளை தொங்கியது. நுனியைத் தவிர இலைகளை உருவி, வளையமாக வளைத்து மாட்டப்பட்ட கிளை. அதற்கு எங்களிடையே ஒரே பொருள்தான்: இதற்கு மேல் வராதே.

பிர்க்காவின் வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தடியால் முன்னால் தரையைக் குத்தினேன். பாசியும் சுள்ளியும் அப்படியே உள்ளே போயின. பழைய வெள்ளிச் சுரங்கத்தின் வாய். கல் ஒன்றைப் போட்டேன். சத்தம் வெகுநேரம் கழித்து வந்தது.

அடுத்து நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். பையிலிருந்து ஒரு கிளையை எடுத்து, மானின் காயத்தில் தொட்டு, என் தொப்பியின் மேல் வைத்து எக்கார்ட்டிடம் நீட்டினேன். சுட்டவர் அதை வாங்கிப் பாதியை ஒடித்து, தேடிக் கண்டுபிடித்தவருக்குத் தந்து, மீதியைத் தன் தொப்பியில் செருகிக்கொள்ள வேண்டும். அவன் ஒடித்து, ஒரு பாதியைத் தொப்பியில் செருகினான். நான் கையை நீட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. மண்டியிட்டுத் தவழ்ந்து பள்ளத்தின் விளிம்புக்குப் போனான்.

"அன்னிக்கும் பட்டுது, அண்ணா. எனக்குத் தெரியும்" என்றான். பாதிக் கிளையை உள்ளே விட்டான். "இது உனக்குத்தான்."

சின்னக் கிளை விழுந்தால் என்ன சத்தம் வரும்? எனக்கு எதுவும் கேட்கவில்லை. பிர்க்கா மட்டும் விளிம்பைப் பார்த்து உட்கார்ந்து, யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்பவள் போலத் தலையைச் சாய்த்தாள். பேச்சு முடிந்ததும் எழுந்து என்னிடம் வந்தாள்.

ரூடிகரைத் தேட நான் அழைத்த தீயணைப்பு ஆட்கள் இருட்டில் கயிறுகளோடு வந்தபோது, பள்ளம் எங்கே என்று காட்ட அந்த வளையத்தைச் சுட்டிக் காட்டினேன். அவர்களின் விளக்கில் அது சாம்பல் நிறமாக இருந்தது. ஒருவர் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. எக்கார்ட்டின் தொப்பியில் இருந்த பாதி மட்டும் பச்சையாகவே இருந்தது.