கட்டிலில் அடைகாத்த கழுகு

தையற்காரியின் கட்டிலில் குடுமிக் கழுகு முட்டையிட்டது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. ஒரே முட்டை, அந்த இனத்துக்கு அவ்வளவுதான். காட்டில் வெட்டுப்பட்ட தன் மரத்தைத் தேடி, அறுவை ஆலை, தச்சுப்பட்டறை என்று விசாரித்துக்கொண்டே அது மாடி ஜன்னலுக்கு வந்து சேர்ந்திருந்தது. கட்டிலைச் செய்த தச்சர் வந்து தலைமாட்டைத் தடவிப் பார்த்தார். "சந்தேகமே இல்லம்மா. கூடு இருந்த கவட்டைதான் இது. அதோட வீட்டுலதான் நீங்க இத்தனை நாளா படுத்திருந்தீங்க."

அன்றிலிருந்து தையற்காரியும் பஸ் ஓட்டும் புருஷனும் தரைக்கு இறங்கினார்கள். கழுகு மெத்தைமேல் சுள்ளி அடுக்கி, தினமும் பச்சை இலை பரப்பியது. பத்தாம் நாள் கட்டில் கால்கள் வேர்விட்டன. இருபதாம் நாள் பீரோவுக்குப் பின்னாலிருந்து காட்டின் ஈரக்காற்று வீசியது. அணில் ஒன்று தையல் மெஷினில் ஏறி நூல்கண்டுகளை நோட்டம் விட்டுப் போனது. "கட்டிலை அப்படியே காட்டுல கொண்டுபோய்ப் போட்டா என்ன?" என்றான் புருஷன். நகர்த்தினால் தாய் முட்டையைக் கைவிட்டுவிடும். பாதி தைத்த துணியைக்கூட முடிக்காமல் திருப்பிக் கொடுக்காத தையற்காரி, பாதி அடைகாத்த முட்டையையா விட்டுக்கொடுப்பாள்?

கீழ்வீட்டுக்காரர்தான் முரண்டு பிடித்தார். வேர் அவர் குளியலறைக் கூரையைத் துளைத்து இறங்கியிருந்தது.

"நாளைக்கே அறுத்துடுவேன்!"

"அறுத்தா மரம் வாடிடும், கழுகு போயிடும் அண்ணே. இன்னும் பன்னிரண்டே நாள்."

"கூரை என் தலையில விழுந்தா?"

"எப்படி விழும்? வேர்தானே பிடிச்சுக்கிட்டு இருக்கு!"

"உன் வாய்க்கு உன் கத்தரிக்கோலே தேவலாம்."

மறுநாள் ரம்பத்தோடு குளியலறைக்குள் போனார். குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. வேர்நுனியிலிருந்தோ அருவிபோலக் கொட்டிக்கொண்டிருந்தது, வெதுவெதுப்பாக. ரம்பத்தை ஓரமாய்ச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் குளித்தார். பிறகு தினமும் மாடிப்படியில் நின்று, "நம்ம பிள்ளை எப்போ வருது?" என்று கேட்க ஆரம்பித்தார்.

நாற்பதாம் நாள் ஓடு கீறி, பஞ்சுருண்டையாய்க் குஞ்சு வெளியே வந்தது. புருஷன் பஸ்ஸை வாசலிலேயே நிறுத்திவிட, பயணிகள் முப்பத்தோரு பேரும் செருப்பைக் கழற்றிப்போட்டு மாடியேறிப் பார்த்தார்கள். தாமதத்துக்குச் சத்தம் போடவேண்டிய கண்டக்டர்தான் முதல் வரிசை. தையற்காரி அழுதுகொண்டே சிரித்தாள்.

பத்து வாரத்தில் குஞ்சு ஜன்னல் வழியே பறந்தது. தாய் கூட்டைக் காலிசெய்யவில்லை. புதுக் கட்டிலுக்குத் தச்சரிடம் சொன்னபோது, "யாரும் குடியில்லாத மரமாப் பாத்துக் குடுங்க அண்ணே" என்றாள் தையற்காரி. நியாயம்தான் என்று அவர் காட்டுக்குப் போய், மரம் மரமாக அண்ணாந்து கேட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பினார்.

"ஒண்ணுகூடக் காலியில்லைம்மா."

இருவரும் இன்னும் தரையில்தான் படுக்கிறார்கள். புருஷனுக்கு முதுகுவலி போய்விட்டது.