கடைசிக் கோடு வரை வாசலில் நின்றவன்

லோ தாமு தன் சொந்த வீட்டு வாசலில் பதினைந்து நாள் நின்றான். கதவு முழுநேரமும் திறந்தேதான் இருந்தது. ஷிச்சியாவ் ஊரில் எழுத்தறியாதவர்களுக்கு வகுப்பு தொடங்கிய இரண்டாம் ஆண்டு அது. மூன்று வருடமாக வடமேற்கே ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தவன், புத்தாண்டுக்கு முதல் நாள் மதியம், ஒரு மூட்டை உலர்ந்த இலந்தையோடு வந்து வாசற்படியைத் தாண்டி வலது காலை வைத்தான். கால் திரும்பி வெளியே வந்தது. இடது காலும் அப்படியே.

காரணம் கதவுக்கு மேலே இருந்தது. அவன் மனைவி பான் ஜூஷியாங் அன்று காலைதான், குடும்பம் முழுதும் ஒன்றுகூட வேண்டும் என்று, சொல்லுக்கு ஓர் எழுத்தாக நான்கு சீன எழுத்தைச் சிவப்புத் தாளில் முதன்முதலாகத் தன் கையால் எழுதி ஒட்டியிருந்தாள். அதில் கடைசி இரண்டும் பெட்டி எழுத்துகள். மூன்று பக்கச் சுவர், பிறகு உள்ளே இருக்க வேண்டியது, கடைசியில் அடிக்கோடு: முறை அதுதான். ஆள் உள்ளே வந்த பிறகே கதவைச் சாத்த வேண்டும் என்று பத்தொன்பது வயது வென் டீச்சர் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டாள். ஜூஷியாங்கோ பன்றி வளர்ப்பவள். திறந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் கை தானாகச் சாத்திவிடும். நாலு பக்கமும் மூடிவிட்டுத்தான் உள்ளே கோடுகளைத் திணிப்பாள்.

"எழுதி முடிச்சப்புறம் எது முதல்ல வந்துச்சுன்னு யாருக்குத் தெரியப்போவுது டீச்சர்?" என்பது அவள் வாதம்.

இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. புத்தாண்டுத் தாளைக் கிழிப்பது குடும்பத்தைக் கிழிப்பதுபோல என்பதால் யாரும் அதைத் தொடவில்லை. பின்பக்கச் சன்னலில் ஏறியவன் கோழிக்கூட்டில் விழுந்தான். நான்கு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். போய்ப் பார்த்தால் கையில் சட்டை மட்டும் இருந்தது. கேட்பவர்கள் கவலைப்பட வேண்டாம், அவன் பட்டினி கிடக்கவில்லை. மேசையைப் பாதி உள்ளே, பாதி வெளியே போட்டு, மீனின் தலையை அவன் பக்கம் திருப்பி வைத்தார்கள். அது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. அவன் தட்டைத் திருப்பி வைத்தான். அவன் போகும்போது மூன்று வயதாயிருந்த மகள் ஷியாவ்மான் ஐந்தாம் நாள் கேட்டாள்:

"அம்மா, வாசல்ல நிக்கிற மாமா எப்பப் போவாரு?"

ஜூஷியாங் அன்று சாப்பிடவில்லை. அவன் விடுப்போ பதினைந்தாம் நாள் முழுநிலவோடு முடிகிறது. பழைய தாளின் மேலேயே இருபத்திரண்டு புதுத் தாள் எழுதி ஒட்டினாள். இருபத்திரண்டிலும் கை முந்திக்கொண்டு மூடியது. ஊர்க்குழுத் தலைவர் விசாரித்து, மூடநம்பிக்கை போன வருடமே ஒழிக்கப்பட்டுவிட்டதால், லோ தாமு காற்றுக்காக விரும்பியே வெளியே நிற்கிறார் என்று பதிவு செய்தார்.

பதினைந்தாம் நாள் காலை வென் டீச்சர் சொந்த ஊரிலிருந்து திரும்பினாள். ஜூஷியாங் வாழ்க்கையில் முதல் தடவையாக, தனக்குத் தெரியவில்லை என்று ஒருவரிடம் ஒப்புக்கொண்டாள்.

"மூடணும்னு கை துடிக்கிறப்ப அவரைப் பாருங்க அக்கா," என்றாள் டீச்சர்.

ஜூஷியாங் வெற்றுத் தாளைக் கதவுக்கு மேல் ஒட்டி, முக்காலியில் ஏறி எழுதினாள். முதல் பெட்டியில் சுவர் எழுப்பி, உள்ளே எழுதி, அவனைப் பார்த்துவிட்டு மூடினாள். அவன் வலது கால் உள்ளேயே நின்றுவிட்டது. இரண்டாவதில் உள்ளே கோடுகள் அதிகம்.

"ஷியாவ்மானோட அம்மா, கால் மரத்துப்போச்சு," என்றான்.

"மூணு வருஷம் மரக்காத கால் இப்பதான் மரக்குதோ? பேசாம நில்லு, கோடு பிசகிடும்." உள்கோடுகள் முடிந்தன. தூரிகை அந்தரத்தில் நின்றது. "இப்ப வா."

அவள் கைக்குக் கீழே குனிந்து அவன் உள்ளே போனான். அதன் பிறகே அவள் கடைசிக் கோட்டை இழுத்தாள். ஷியாவ்மான் மூட்டையை முகர்ந்துவிட்டு, அதில் உள்ளதெல்லாம் தனக்கா என்று கேட்டாள்.

மறுநாள் ரயிலுக்குக் கிளம்பியவனின் கால் வாசற்படியைத் தொட்டு உள்ளே திரும்பியது. ரயில் பாதை அலுவலகம் மூன்று கடிதம் போட்டது. மூன்றையும் ஜூஷியாங் எழுத்துக் கூட்டி வாசித்து அடுப்பில் வைத்தாள். லோ தாமு சளி காரணமாக விரும்பியே உள்ளே இருக்கிறார் என்று தலைவர் பதிவைத் திருத்தினார். மழையில் தாள் வெளுக்கும்போதெல்லாம் அவள் முறை பிசகாமல் புதுத் தாள் எழுதி ஒட்டினாள்.

அறுவடை முடிந்து வகுப்பு திறந்த அன்று வென் டீச்சர் மெதுவாகச் சொன்னாள், "'வெளியே'ன்னு ஒரே ஒரு எழுத்து எழுதி ஒட்டினா போதுமே அக்கா."

"அது இன்னும் பாடத்துல வரலியே டீச்சர்," என்றாள் ஜூஷியாங்.

அது இரண்டாம் பாடத்தில் வந்த எழுத்து. வென் டீச்சர் கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த பாடத்தைத் தொடங்கினாள்.