மூன்று நாட்டுக்கு ஒரு சிப்பாய்

மார்ச் மாதத்துப் பனி காட்டோரத்தில் இன்னும் அழுக்காகக் கிடந்த ஒரு காலையில், நானும் அக்கா ஒட்டிலியாவும் ஓடையோரப் புல்வெளியில் துணி விரித்துக்கொண்டிருந்தோம். தறியிலிருந்து வரும்போது லினன் துணி வைக்கோல் நிறத்தில் இருக்கும். சாம்பல் நீரில் வேகவைத்து, புல்மேல் நீளநீளமாக விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்தால் வெயில் அதை மெல்ல வெளுத்துக் கொடுக்கும். அப்பா செத்த பிறகு அக்காதான் அந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டாள், என்னையும் வளர்த்தாள். அவள் கைகள் சாம்பல் நீரில் வெடித்து எப்போதும் சிவந்திருக்கும்.

அப்போதுதான் சாலையிலிருந்து ஒரு ஆள் இறங்கி வந்தார். சட்டையும் கால்சராயும் மட்டும் போட்டிருந்தார். காலில் எதுவும் இல்லை. இடது முழங்கால் மடங்காமல் விறைத்திருந்தது. எங்களிடம் வரும் ஒற்றையடிப் பாதை முழுவதும் துணி கிடந்தது. அவர் நின்று பார்த்தார். பிறகு திரும்பி, புல்வெளியை முழுக்கச் சுற்றிக்கொண்டு, உறைந்த வரப்பின்மேல் வெறுங்காலோடு நொண்டி நொண்டி நடந்து வந்தார். எங்களை ஆளும் கன்னியர் மடத்து ஆட்களே எங்கள் துணி ஓரத்தை மிதித்துக்கொண்டுதான் போவார்கள்.

அக்கா தண்ணீர்க் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். "இந்த ஆளு சுத்திக்கிட்டு வர்றாரு பாரு, ஆஃப்ரா," என்றாள். எங்கள் கொப்பரை நெருப்பருகில் உட்காரட்டுமா என்று அவர் கேட்டபோது, வெளுத்து முடிந்த துணி ஒன்றை, அது ஒரு நெசவாளி தன் மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தது, எடுத்து அவர் தோளைச் சுற்றிப் போர்த்தினாள்.

அவர் பெயர் வெந்தெலின். அவருக்கு நடந்தது எங்கள் பக்கத்தில் யாருக்கு வேண்டுமானாலும் நடக்கக்கூடியது. எங்கள் ஓடைக்கு இந்தப் பக்கம் மடத்து அம்மையாரின் நாடு. அந்தப் பக்கம் ஐஷ்பெர்க் பிரபுவின் நாடு. கீழே பாலத்தருகே ஹில்டிங்கன் நகரம், அது தனக்குத் தானே நாடு. ஒரு ஆடு வழி தவறினால் காலை உணவுக்குள் மூன்று நாடுகளிலும் மேய்ந்துவிட்டு வந்துவிடும். இப்படிப்பட்ட நாடுகள் எத்தனையோ சேர்ந்ததுதான் எங்கள் ஸ்வாபிய வட்டம். சக்கரவர்த்தி தூரத்தில் இருக்கிறார். பிரெஞ்சுக்காரன் ரைன் நதியைத் தாண்டினால் வட்டம்தான் படை திரட்டும். பெரிய நாடு ஒரு படைப்பிரிவையே அனுப்பும். எங்கள் மூன்று நாட்டுக்கும் சேர்த்து விழுந்த பங்கு ஒரே ஒரு சிப்பாய். அதனால் அவன் போட்டுக்கொள்ள மடம் ஒரு கோட்டு கொடுத்தது. பிரபு பூட்ஸையும் துப்பாக்கியையும் கொடுத்தார். நகரம் ஆளைக் கொடுக்கவேண்டும். நகரத்துக்காரர்கள் யாரும் போகத் தயாராயில்லை. கயிறு திரிக்கும் பட்டறையில் கூலிக்கு இருந்த வெந்தெலினைப் பிடித்து அனுப்பினார்கள். வழியில் போன வண்டியொன்றில் பிறந்து, தாயைப் பிறந்த அன்றே பறிகொடுத்தவர் அவர். எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ரைன் கரையில் பீரங்கி வண்டி கவிழ்ந்து முழங்கால் போயிற்று. திரும்பி வந்தார். மடத்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரீ, அடுத்த சிப்பாய்க்கு வேண்டியிருக்கும் என்று கோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு கிண்ணம் சூப் மட்டும் கொடுத்தார். பிரபுவின் மணியக்காரர் பூட்ஸையும் துப்பாக்கியையும் வாங்கிவைத்தார். கோட்டைக் கொடுத்தவர்கள் கோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், பூட்ஸைக் கொடுத்தவர்கள் பூட்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆளைக் கொடுத்த நகரம் மட்டும் ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வட்டத்தின் சிப்பாய், எங்கள் குடிமகன் இல்லை என்று வாயிற்கதவிலேயே சொல்லிவிட்டார்கள்.

இதையெல்லாம் அவர் யார்மேலும் கோபமில்லாமல்தான் சொன்னார். அன்றிரவு சாம்பல் கொட்டகையில் படுத்துக்கொண்டார். மறுநாள் நாங்கள் எழுந்தபோது துணிக்கெல்லாம் தண்ணீர் தெளித்தாகிவிட்டிருந்தது.

கோடை முழுவதும் இருந்தார். திருடர் வராமல் துணிக்குக் காவல் இருந்தார், காக்கைகளை ஓட்டினார், கொப்பரையின் கீழ் நெருப்பைப் பார்த்துக்கொண்டார். அதிகம் பேசமாட்டார். ஆனால் அக்கா ஏதாவது சொன்னால் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவள் சொல்வதை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை, நான் உட்பட. நாள் போகப் போக அக்கா சாப்பாடு பரிமாறுவதில் ஒரு மாற்றம் வந்தது. மாவுருண்டையின் மேல் போடும், வெண்ணெயில் வதக்கிய வெங்காயம் முழுவதும் ஒரே கிண்ணத்துக்குப் போக ஆரம்பித்தது.

"என் கிண்ணத்துல வெங்காயமே காணோமே, அக்கா," என்றேன்.

"வெங்காயம் உனக்கு வாயு," என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். வெந்தெலின் தன் கிண்ணத்திலிருந்து பாதியை எடுத்து என் கிண்ணத்தில் போட்டார். காது நுனிவரை சிவந்திருந்தார்.

அறுவடை முடிந்ததும் அக்கா மடத்துக்குப் போய் அனுமதி கேட்டாள். நாங்கள் மடத்தின் குடிகள். அம்மையாரின் சம்மதமில்லாமல் கல்யாணம் கிடையாது. காரியஸ்தர் மெல்கியோர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எதிலும் முதலில் நஷ்டத்தைப் பார்ப்பவர். யாருடைய குடி என்றே தெரியாத ஒரு நொண்டியை உள்ளே விட்டால், நாளை அவன் படுத்துக்கொண்டால் மடம்தானே சோறு போடவேண்டும் என்றார். நகரமோ பிரபுவோ அவனைத் தங்கள் குடி என்று ஏற்றுக்கொண்டு அனுப்பட்டும், பார்க்கலாம். இல்லாவிட்டால் நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாளுக்குள் அவன் மடத்து எல்லையைவிட்டுப் போயிருக்கவேண்டும். அக்கா நகரத்துக்குப் போனாள். பிரபுவின் மணியக்காரரிடமும் போனாள். இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான், வார்த்தைதான் வேறு.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் நான் கதவைத் திறந்தபோது, வாசல் சுவர் நெடுகக் கூரை உயரத்துக்கு விறகு பிளந்து அடுக்கியிருந்தது. வெந்தெலின் ஒரு சின்ன மூட்டையோடு வேலியருகில் நின்றார். அக்கா அவர் எதிரில் நின்றாள், தலைமுடியைக்கூட முடியவில்லை.

"நான் போயிட்டா உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல," என்றார் அவர்.

அக்கா விறகைப் பார்த்தாள். "குளிருக்கு விறகு மட்டும் போதும்னு நெனச்சிட்டீங்களா?"

அவள் மூட்டையை அவர் கையிலிருந்து வாங்கினாள். "வட்டத்து ஆளுன்னு எல்லாரும் சொல்றாங்க இல்ல? வட்டத்துக்கிட்டயே போய்க் கேப்போம். உல்முக்கு நடக்க முடியுமா உங்களால?"

"ரைனுக்கே நடந்தேனே," என்றார் அவர்.

உல்மில் வட்டத்தின் சபை கூடியிருந்தது. துணியைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு மூவரும் போனோம். வழியெல்லாம் வைக்கோல் போரில் தூங்கினோம். அவர் முழங்கால் வீங்கியபோது அக்கா ஓடை ஓடையாக நிறுத்தித் துணி நனைத்துக் கட்டினாள். உல்ம் நகரசபை மண்டபத்தின் நடையில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். பிஷப்புகளின் தூதர்கள், இளவரசர்களின் தூதர்கள், மடங்களின், பிரபுக்களின், நகரங்களின் தூதர்கள் என்று கறுப்பு அங்கிகள் போய்க்கொண்டேயிருந்தன. உள்ளே சண்டை நடப்பது வெளியே கேட்டது. போரைப்பற்றி என்று நான் பயந்தேன். யார் யாருக்கு முன்னால் உட்காருவது என்பதுபற்றி என்று வாயிற்காப்போன் சொன்னான்.

எங்கள் மடத்தின் தூதர் எங்கே தங்கியிருக்கிறார் என்று விசாரித்தோம். வக்கீல் ட்ராக்செல், மீன்சந்தில், தையற்காரர் வீட்டு மாடி என்றார்கள். நகரத்தின் தூதர்? அவரும் மீன்சந்து, தையற்காரர் வீட்டு மாடி. ஐஷ்பெர்க் பிரபுவின் தூதர்? சொன்னவன் சிரித்துவிட்டான்.

வக்கீல் ட்ராக்செல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கால்களை வெந்நீர்த் தொட்டியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வயதானவர். சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"மடத்துக்கும் நான்தாம்மா. நகரத்துக்கும் நான்தான். பிரபுவுக்கும் நான்தான்," என்றார். "ஆளுக்கு ஒருத்தரை வச்சா கட்டுப்படி ஆகாதுன்னு மூணு பேரும் சேர்ந்து என்னை வச்சிருக்காங்க."

வெந்தெலின் வக்கீலை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீங்களும் என்னை மாதிரிதான் ஐயா," என்றார் மெதுவாக.

வக்கீல் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தொட்டியிலிருந்த தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஆறிப்போயிருப்பதைக் கவனித்த அக்கா, யாரையும் கேட்காமல் அடுப்பிலிருந்த கெண்டியை எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள்.

மறுநாள் அவர் விஷயத்தைச் சபையில் வைத்தார். முதலில் எந்த வரிசைத் தூதர்கள் கருத்துச் சொல்வது என்பதில் மதியம்வரை வாக்குவாதம் நடந்ததாம். மாலையில் வக்கீல் மண்டபத்திலிருந்து வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"கெடப்புல போட்டுட்டாங்க," என்றார்.

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. அவ்வளவு தூரம் நடந்து வந்தது இதற்குத்தானா என்று எனக்கும் அழுகை வந்தது. வக்கீல் அவளைப் படிக்கட்டில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கேளும்மா. சபையில ஒரு விஷயம் கெடப்புல இருக்கிற வரைக்கும் யாரும் எதையும் மாத்தக்கூடாது. இவர் எங்க இருக்காரோ அங்கயே இருப்பார். மெல்கியோர் தொட முடியாது. நான் இங்க வந்ததுலேருந்து கெடப்புல போனது ஒண்ணுகூட எழுந்து வந்ததில்ல."

"கல்யாணம்?" என்றாள் அக்கா.

"ஊருக்குப் போனதும் கோயில்ல மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லு. ஆட்சேபம் சொல்றவங்க சொல்லட்டும். ஆனா யாரு வாயைத் தொறந்து இவரைப்பத்திப் பேசுறாங்களோ, இவர் அவங்க ஆளுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தொறப்பாங்கன்னு தோணல. ஆனா எழுதிக் குடுக்க முடியாது."

மார்ட்டின் திருநாள் வந்து போயிற்று. யாரும் வரவில்லை. பங்குச்சாமியார் அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை என்று தலையைச் சொறிந்துவிட்டு, ஞாயிறு பூசையில் ஓலை வாசித்தார். முதல் ஞாயிறு நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது ஞாயிறும் அப்படித்தான். மூன்றாவதில் பின்னால் யாரோ எழுந்தது கேட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும் ஒரு பெண். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது என்பதால் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கே நாள் குறித்தோம்.

அன்று காலை கோயிலுக்குள் நுழைந்ததும் மூன்று பேர் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். கடைசிப் பெஞ்சில் காரியஸ்தர் மெல்கியோர். நடுவில் தூணோரம் நகரத்து எழுத்தர். பக்கச் சுவரையொட்டி பிரபுவின் மணியக்காரர், தொப்பி மடியில். மற்ற இருவரில் யாராவது வாயைத் திறப்பார்களா என்று பார்க்கத்தான் ஒவ்வொருவரும் வந்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அக்கா அவர்களைப் பார்த்தாள். வெந்தெலின் பார்க்கவில்லை; அவர் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரவல் கோட்டு ஒன்று அணிந்திருந்தார், கை குட்டையாக.

தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லவேண்டும் என்று சாமியார் சொல்லி நிறுத்தினார். மெழுகுத்திரி எரியும் சத்தம்கூடக் கேட்டது. எழுத்தர் மணியக்காரரைப் பார்த்தார். மணியக்காரர் மெல்கியோரைப் பார்த்தார். மெல்கியோர் பெஞ்சைப் பிடித்து எழுந்தார்.

சாமியார் காத்திருந்தார். அக்காவின் சிவந்த கைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டன. அந்தக் கைகளைத்தான் மெல்கியோர் பார்த்தார் என்று நினைக்கிறேன். கோடைதோறும் அந்தக் கை வெளுத்துக் கொடுத்த துணிதான் மடத்துக் கோயில் பீடம் முழுவதும் விரித்திருந்தது. அல்லது வாயைத் திறந்தால் ஆள் மடத்துக்கு வந்துவிடும் என்றும் யோசித்திருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கமறல், சாமி," என்றார். ஒரு தடவை இருமிவிட்டு உட்கார்ந்தார்.

சாமியார் அவர்கள் கைகளைச் சேர்த்துவைத்துத் தன் கழுத்தில் தொங்கிய பூசைப் பட்டையால் சுற்றினார். அக்கா சம்மதம் சொன்னபோது அவள் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சின்னப் பெண்ணின் குரல். அத்தானுக்கு ஒரே வார்த்தைதான், அதுவும் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

நான் திரிகளை அணைத்துவிட்டு, அக்கா வைத்துவிட்டுப் போன பூவை எடுத்துக்கொண்டு கடைசியாக வெளியே வந்தேன். நாங்கள் உள்ளே இருந்தபோது அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி பெய்து முடிந்திருந்தது. கோயில் முற்றத்தில் யாரும் இல்லை. வாசற்படியிலிருந்து மூன்று ஜோடி பூட்ஸ் தடங்கள் மூன்று பக்கமாகப் பிரிந்து போயிருந்தன, ஒன்று மடத்தை நோக்கி, ஒன்று பாலத்தை நோக்கி, ஒன்று ஓடைக்கு அப்பால். நடுவில் இரண்டு பேரின் காலடிகள் நெருக்கமாக எங்கள் வீட்டுப்பக்கம் இறங்கின. அவற்றில் ஒரு கால் மட்டும் தரையைவிட்டு எழாமல், பனிமேல் விட்டுவிட்டு ஒரு நீளக் கோடு போட்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் அந்தக் கோடு நின்று, இரண்டு பேரின் தடங்களும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பி, ஒரே இடத்தில் குழம்பி மிதிபட்டிருந்தன. அதற்கப்புறம் மறுபடி தொடர்ந்தன.