தாவீது தன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறான்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டம். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள். ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். அதில் 'தாவீது, 1964' என்று இருந்தது. "உங்க அப்பாங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இல்லீங்க. அது நாந்தான்," என்றார்.

அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'மரணம் என்பது' — அடித்துவிட்டேன். அப்படி ஆரம்பிக்கிற ஆளை நானே நம்பமாட்டேன்.

இரண்டாவது முயற்சி: 1970, விபூதிப் புதன். சாமியார் ஒவ்வொரு நெற்றியிலும் சாம்பலைப் பூசி, "மனிதனே, நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று நினைத்துக்கொள்" என்று சொல்லிக்கொண்டே வருகிறார். வரிசையில் தாவீது நிற்கிறான். ஆறு வருஷத்துக்கு முன் அவரே மந்திரித்துப் புதைத்த தாவீது! சாமியாரின் கட்டைவிரல் பாதியில் நின்றுவிடுகிறது. ஏற்கெனவே மண்ணுக்குப் போனவனிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது?

(தாவீது ஊரைவிட்டுப் போகும்போது பூசை லத்தீனில் நடந்தது, சாமியார் பீடத்தைப் பார்த்து நின்றார். இப்போது எல்லாம் தமிழில், சனங்களைப் பார்த்து. தான் செத்துப்போன சேதியைவிட இதுதான் அவனைத் திகைக்க வைத்தது.)

நல்ல காட்சிதான். ஆனால் கதையைத் தாவீது தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். கதை அவனுடையது அல்ல, அவன் மனைவி ஞானம்மாவுடையது.

3.

புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்கள். [காரணம் எழுத வேண்டும். ஆட்டை விற்றதா? நாத்தனாரா? சரி விடுங்கள், உங்கள் வீட்டில் காரணத்தோடுதான் சண்டை நடக்கிறதா?] "இனி செத்தாலும் வரமாட்டேன்" என்று வடக்கே போகிற ரயிலில் ஏறினான் தாவீது. அடுத்த மாசம் தண்டவாளத்தில் ஒரு பிணம் கிடந்தது. முகம் தெரியவில்லை. கழுத்தில் உத்தரியம்* மட்டும் இருந்தது. அதன் கயிறு அறுந்து, நீல நூலால் முடிந்திருந்தது. தாவீதின் உத்தரியக் கயிறு அறுந்தபோது ஞானம்மாவும் நீல நூலால்தான் முடிந்துவிட்டிருந்தாள்.

"எங்க ஊட்டுக்காரருதான்," என்று அங்கேயே விழுந்து அழுதாள்.

* மாதா பேரால் கழுத்தில் போட்டுக்கொள்ளும் சின்னத் துணிப்பட்டை. போட்டுக்கொண்டு சாகிறவனை உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது மோட்சத்துக்கு முன் பாவக்கறை தீரக் காத்திருக்கும் இடத்தில், மாதா நெடுநாள் விடமாட்டாள் என்பார்கள். அதற்காக மண்மேல் இருக்கிறவர்கள் பேர் சொல்லி வேண்டாமல் இருந்துவிட முடியாது.

ஞானம்மா ஒரு சாயங்காலம்கூட விடவில்லை. ஜெபமாலை முடிந்ததும், "தாவீது ஆத்துமம் இளைப்பாறணும் சாமி." அவனை வாழ்நாளில் அப்படித் திட்டியவள், செத்த பிறகு அப்படி நேசித்தாள்.

அப்புறம் ஒருநாள் அவன் வாசலில் வந்து நின்றான். விசாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினானாம்.

"கோவம் ஆறட்டும்னு இருந்தேன்மே."

"ஆறு வருசமாய்யா ஆறும்?" என்று அவன் மார்பில் குத்தினாள். அவன் கழுத்து உத்தரியத்தில் அவள் முடிந்த நீல நூல் கையில் சிக்கியது.

4.

அன்று சாயங்காலம் ஜெபமாலை முடிந்தது. பழக்கம் விடுமா? "தாவீது ஆத்துமம்..." என்று தொடங்கிவிட்டாள்.

"யம்மே! நா இங்க சோறு துன்னுக்கினு கீறேன்!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஞானம்மாதான் முதலில் நிறுத்தினாள்.

"அப்போ அந்தக் குழியில கீறது யாருய்யா?"

5.

இனி அவளுக்குத் தூக்கமில்லை. தாவீது என்று சொல்லி வேண்டினால் உயிரோடு இருக்கிறவனைச் சாவுக்குக் கூப்பிடுகிற மாதிரி நாக்கு கூசுகிறது. சொல்லாமல் விட்டால் குழிக்குள் இருக்கிறவனுக்கு நாதியில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் இருவரும் சிலுவை முன்னால் நின்றார்கள்.

"அவனுக்கும் ஒருத்தி நீல நூல் முடிஞ்சு உட்டுக்கீறா," என்றாள் ஞானம்மா. "அவ இன்னும் சோறு எடுத்து வச்சிக்கினு கீறா. வந்துடுவான்னு நெனைச்சிக்கினு கீறவ அவனுக்காக எப்படிய்யா வேண்டிக்குவா? அவனுக்கு நான்தான் கீறேன். ஆனா பேரு இன்னான்னு தெரியலையே!" அழுதுவிட்டாள்.

தாவீது வாளியில் சுண்ணாம்பைக் கலக்கினான். "என் பேரு இருக்கட்டும்மே. ஆறு வருசமா அவந்தானே வச்சிக்கினு கீறான். எப்படியும் நானும் இங்கதான் வரணும்."

"அந்தப் பேச்சு வேணாம்."

"சாம்பல் பூசச்சொல்லோ சாமியார் சொன்னாரே, கேக்கல?"

6.

முடிவுக்கு மூன்று வைத்திருந்தேன். ஒன்று, அவள் பேரைச் சுரண்டி எடுக்கிறாள். கல்நெஞ்சுக்காரியாகிவிடுகிறாள், வேண்டாம். இரண்டு, நீல நூல்காரி தேடிக்கொண்டு வருகிறாள். சினிமா. மூன்றாவது, மறுநாள்

ஆம், மறுநாள். சுண்ணாம்பு காய்ந்திருக்கிறது. ஞானம்மா மெழுகுவத்தி ஏற்றி மண்டியிடுகிறாள். "நித்திய இளைப்பாற்றியை, சுவாமி, ............க்குத் தந்தருளும்."

அந்தப் பேர் எனக்கு வரவில்லை. எத்தனையோ எழுதிப் பார்த்தேன். நீங்கள் சொல்லுங்கள். இதைப் படிக்கும்போதே உங்கள் நாக்குக்கு ஒரு பேர் வந்திருக்குமே, அதையே சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக. நமக்கும் ஒருநாள் யாராவது சொல்ல வேண்டுமே.

யார் பேராக இருந்தாலும் பரவாயில்லை. சுண்ணாம்புக் கையோடு பின்னால் நிற்கிற தாவீது ஆமென் சொல்லிவிடுவான்.